நாலும் ஆறும்

"தப்பு முழுக்க என் மேலதாங்க. உங்க பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் கணக்கு டீச்சர், உட்காராமலே.

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "என்ன டீச்சர் நடந்துச்சு? ஒரு வாரமா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறா. கேட்டா வாயே திறக்கல."

டீச்சர் கைப்பையிலிருந்து மகளின் விடைத்தாளை எடுத்து நீட்டினாள். செவ்வகத் தோட்டம், ஒரு பக்கம் சுவர். மீதி மூன்று பக்கமும் சேர்த்து இருபது மீட்டர் வேலி, பரப்பு நாற்பத்தெட்டு சதுர மீட்டர். அகலம் என்ன என்பது கேள்வி.

அகலத்தை x என்று வைத்து, காரணிப்படுத்தி, (x − 4)(x − 6) = 0 வரை பிசிறில்லாமல் கொண்டுவந்திருந்தாள் மகள். அதற்குக் கீழே 4, 6 என்று இரண்டே எண்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

"ஒரு தோட்டத்துக்கு ரெண்டு அகலமா, போய் அளந்துட்டு வான்னு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிட்டேன். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இந்த மாதிரிக் கணக்குல எப்பவும் ஒரு விடை மைனஸ்ல வரும், அதை அடிச்சுடுவோம். அந்தப் பழக்கத்துல..." டீச்சர் தாளில் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டாள். "நேத்து வேற வகுப்புல இதே கணக்குக்குப் படம் வரைஞ்சப்பதான் உறைச்சுது. பன்னிரண்டுக்கு நாலும் சரி, எட்டுக்கு ஆறும் சரி, ரெண்டும் நாற்பத்தெட்டுதான். எனக்கே தோணாதது இவளுக்குத் தோணியிருக்கு. ராத்திரி பூரா தூக்கமில்லைங்க."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவோரம் நின்ற மகள் மட்டும் தலை நிமிரவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது என்று டீச்சருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அருகில் போய் அவள் தோளைத் தொட்டாள்.

"என்னை மன்னிச்சுடும்மா. நாளைக்கு வகுப்புலயும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். மாவட்டக் கணக்குப் போட்டிக்கு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன்."

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அம்மாவை ஒரு பார்வை, டீச்சரை ஒரு பார்வை. மெல்லச் சொன்னாள்:

"எதை அடிக்கிறதுன்னு தெரியாமத்தான் ரெண்டையும் விட்டுட்டேன், டீச்சர்."