வழிகாட்டிச் சீட்டு

எட்டாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் அமல்ராஜ் நேராகப் பங்குச்சாமியிடம் போனான்.

“சாமி, வழிகாட்டி வேணும்னு கோயில் பெட்டியில சீட்டு எழுதிப் போட்டேன். இன்னாசி ஐயா வீட்டுக்கு அனுப்புனீக. வாராவாரம் போறேன். வேலை போச்சு, பொண்டாட்டியும் கோவிச்சுக்கிட்டுக் காளையார்கோவிலுக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அடுத்து என்ன செய்யன்னு கேட்டா, காப்பியக் குடுத்துட்டு ‘சொல்லுங்க’ன்னு என் வாயையே பாக்குறாரு. ஒரு புத்தி சொல்லல. வேற ஆளைக் காட்டுங்க.”

“வேற ஆளுக்கு நான் எங்கப்பா போவேன்? வழிகாட்டுறேன்னு பங்குல ஒருத்தரும் எழுதல. வேணும்னு வந்ததே ரெண்டு சீட்டுதான். ஒண்ணு உன்னுது, இன்னொண்ணு இன்னாசியோடது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சரியாயிரும்னு அனுப்புனேன். சொல்லாம விட்டது என் தப்பு.”

அமல்ராஜ் இன்னாசி இருக்கும் சாக்கோட்டைக்கு வண்டியை விட்டான். வழக்கம்போல இன்னாசி எழுந்து நின்று வரவேற்றார். தன்னைவிட முப்பது வயது மூத்தவர் ஏன் எழுந்து நிற்கிறார் என்பது அவனுக்கு இன்றுதான் விளங்கியது.

“இன்னிக்கு நீங்க கேளுங்கய்யா.”

அவர் மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு, மடித்துவைத்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“மொத வாரமே எழுதி வச்சுட்டேன் தம்பி. நீங்க பேசிக்கிட்டு இருக்கையில குறுக்க எப்படிக் கேக்கன்னு இருந்துட்டேன்.”

தாளின் பின்பக்கம் ஒரே கேள்விதான் இருந்தது.

‘மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைப்பது எப்படி?’

அமல்ராஜ் அதை இரண்டு முறை படித்தான்.

“எனக்கும் தெரியலய்யா. இன்னிக்கு ரெண்டு ஆளுக்கு வைங்க.”