யாரும் கை வைக்கக் கூடாது

“அந்த வண்டியைக் கொஞ்சம் கீழே படுக்கப் போடுங்கண்ணே.”

மனைவி சொன்னதைக் கேட்டு மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். பழைய பைக் கடைக்காரருக்குத் தன் காதிலேயே சந்தேகம்.

“ஸ்டாண்ட் போடணுமாம்மா?”

“இல்லண்ணே. தரையில. விழுந்து கிடக்கிற மாதிரி.”

ஆரம்பிச்சுட்டா, என்று பல்லைக் கடித்தார் மாஸ்டர்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டர் என்று பெயர்தானே தவிர, அவர் ஆசை தீர ஒரு வண்டி ஓட்டிப் பல வருஷமாகிறது. ஸ்டியரிங் எப்போதும் கற்றுக்கொள்ள வருபவர் கையில். மாஸ்டருக்குப் பக்கத்து சீட்டும், காலடியில் தனியாக ஒரு பிரேக்கும். கிளம்புகிறவர்களையெல்லாம் நிறுத்துவதே பிழைப்பு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மேசைக்கு அடியில் அவர் கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும்.

வருகிற விடுமுறைக்கு ஒரு பைக்கில் தனியாகக் கிளம்பிவிட வேண்டும். தார்ச்சாலை முடிந்து மண்பாதை, அதுவும் முடிந்து மலைக்காடு. யாருக்காகவும் பிரேக் மிதிக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் நெடுந்தூரமும் தாங்கி, காட்டிலும் ஏறி, கைக்கு எட்டுகிற விலையிலும் ஒரு வண்டி வேண்டுமே! அதைத் தேடுவதற்கு வாடகை வீடு தேடுவது தேவலாம் என்றாகிவிட்டது.

நண்பர்கள் எல்லோரும், “கிளம்புய்யா, கலக்கிட்டு வா!” என்றார்கள். மனைவி மட்டும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

“வண்டி பார்க்க நானும் வருவேன்” என்றதோடு சரி.

கடைக்காரர் மனசே இல்லாமல் அந்தப் பெரிய வண்டியைச் சாய்த்தார். அகலமான டேங்க், நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஹேண்டில்பார். மாஸ்டர் உள்ளே நுழைந்ததுமே கண்ணை வைத்த வண்டி.

“இப்ப நீங்க தூக்குங்க,” என்றாள் மனைவி.

“நானா? எதுக்கு?”

“தூக்குங்களேன்.”

மாஸ்டர் குனிந்து இழுத்தார். வண்டி முனகியது, எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். சரளைக்கல்லில் செருப்பு வழுக்கியது. கடைக்காரர் பதறி ஓடிவந்து கை நீட்டினார்.

“அண்ணே! யாரும் கை வைக்கக் கூடாது!”

அவள் போட்ட சத்தத்தில், ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது.

“இது வேணாம்,” என்றாள்.

“என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! எஞ்சின் சும்மா யானை மாதிரி!”

“யானை படுத்தா தானா எந்திரிக்கும்ணே. இது எந்திரிக்கலையே. அந்தச் சிவப்பைப் படுக்கப் போடுங்க.”

சிவப்பு வண்டி முழங்கால் உயரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முடியாமல் மாஸ்டர் தொப்பென்று விட்டுவிட்டார். கடைக்காரர், “ஐயோ, இண்டிகேட்டர்!” என்று அலறினார்.

“இதுவும் வேணாம்.”

மாஸ்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தாலும் கோபம் அடங்கவில்லை.

“போக வேணாம்னா நேரா சொல்லித் தொலையேன். எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊரைக் கூட்டி நிரூபிக்கணுமா?”

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண் கடைக்குள்ளேயே அலைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, அந்த மூலையில தூசியா ஒண்ணு நிக்குதே?”

“அதுவா? தபால்காரர் ஒருத்தர் ஓட்டினதும்மா. வேகமெல்லாம் பெருசா கிடையாது. ஆனா நாள் முழுக்க ஓட்டினாலும் சூடாகாது. சேறு, மேடு எதுவானாலும் ஆடு மாதிரி ஏறிடும். பார்க்கத்தான் சுமாரா இருக்கும், ஸ்டைலே இல்லாம.”

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். படுக்கப் போடுங்க.”

மாஸ்டர் அசையவில்லை. விட்டால் போதும், வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுக்கலாம் என்றிருந்தது. இந்தப் பயணம் இந்த ஜென்மத்தில் இல்லை.

“கடைசியா இது ஒண்ணுங்க,” என்றாள் அவள். “கையால இழுக்காதீங்க. திரும்பி நின்னு, சீட்டுல இடுப்பைக் கொடுத்து, காலை ஊனி எழும்புங்க.”

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க நேரமில்லை. சிரித்தவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் திரும்பி நின்றார். இடுப்பைக் கொடுத்தார், காலை ஊன்றினார். முகமெல்லாம் வேர்வை. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நேராக நின்றது.

“போதுமா?” என்றார் மூச்சிரைக்க.

“இன்னொரு தடவை.”

கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. மறுபடி சாய்த்துவிட்டு விலகாமல் அங்கேயே நின்றார். அவள் முறைத்த முறைப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாஸ்டர் தூக்கினார். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமாகவே எழும்பியது.

“இதையே எடுத்துக்கிறோம்ணே,” என்றாள் அவள். கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“அது சரிம்மா,” என்றார் கடைக்காரர். மனத்தாங்கல் அவருக்கு இன்னும் போகவில்லை. “மனுஷன் அவ்வளவு தவிக்கிறாரு. நான் ஒரு கை கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஆளே இல்லாத காட்டுப் பாதையில இவர் விழுந்து கிடந்தா, அங்க வந்து ஒரு கை கொடுப்பீங்களாண்ணே?”