ஒரு சாண் திறந்த கண்ணாடி

மின்சாரம் போய்த் தையல் மெஷின்கள் ஓய்ந்து கிடக்கும் மதியம். துணி வெட்டும் மேசைமேல் போக்கர் நடக்கிறது. காசுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். பொத்தான் எல்லாவற்றையும் தோற்றால் தையற்காரர் தன் சன்னலோர மெஷினை மச்சானுக்கு விட்டுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டுதான் போட்டிருக்கிறது, நடுவில் விரிக்கும் பொதுச் சீட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதற்குள் மச்சான் தன் குவியல் முழுவதையும் புறங்கையால் தள்ளிவிடுகிறார். "மொத்தமும் வச்சாச்சு மாப்ள. வரியா, விடுறியா?" ஒரு பொத்தான் உருண்டு கத்தரிக்கோலில் முட்டிச் சாய்கிறது. தையற்காரர் கையில் இரண்டு ராணி. இதை மிஞ்சுவது ராஜா ஜோடியும் ஏஸ் ஜோடியும்தான், தாராளமாக இறங்கலாம். ஆனால் ஒற்றைப் பொத்தான் வைக்கவே தாடையைச் சொறிகிற மனுஷனுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? மச்சானின் பார்வை இவர் முகத்தில் இல்லை, தோளுக்கு மேலே எங்கோ நிற்கிறது. திரும்பிப் பார்க்கிறார். அளவு பார்க்கும் அறையின் முகக்கண்ணாடி பதித்த கதவு, எப்போதும் சாத்தியே இருப்பது, ஒரு சாண் திறந்திருக்கிறது; அதில் இவர் கைச் சீட்டுகள் தெரிகின்றன. சட்டென்று சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். ராணிகளைப் பார்த்த பிறகும் மொத்தமும் வைக்கிறார் என்றால், அங்கே இருப்பது ராஜா ஜோடியோ ஏஸ் ஜோடியோதான். "என்ன மாப்ள, கழுத்து சுளுக்கா?" "விட்டுட்டேன் மச்சான், எடுத்துக்குங்க." நஷ்டம், போட்டிருந்த மூன்று பொத்தானோடு போகிறது. மச்சான் தன் சீட்டுகளைக் காட்டாமலே கட்டுக்குள் செருகிவிட்டு, முதல் வேலையாக எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்துகிறார். மாப்ளையைத் திரும்பிப் பார்க்க வைத்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது.