சில்லில் பதிந்த ரேகை

“கையுறை போட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!”

மேலாளரின் குரலில் சோதனை அறையே அதிர்ந்தது. எதிரே தலை குனிந்து நின்றவன் அவருடைய மைத்துனன். அவனுடைய அக்காள் தன் கணவனிடம் மன்றாடி வாங்கித் தந்த வேலை இது.

“போட்டிருந்தேன் அத்தான்.”

“அத்தான்லாம் வீட்டுல. இங்க சார்!”

மேசைமேல் தபால்தலை அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. ஒற்றை லேசர் கதிரை ஒன்பதாகப் பிரித்து, ஒன்பதுக்கும் ஒளியைச் சமமாகப் பங்கிட வேண்டியது அது. அதற்காகவே கண்ணுக்குப் புலனாகாத படிகளை அதன் முகத்தில் செதுக்கியிருந்தார்கள். வெறும் விரல் பட்டால் போதும், தோலின் எண்ணெய் அந்தப் படிகளை நிரப்பிவிடும்.

சுவரில் இப்போது நடுப்புள்ளி மட்டும் தகதகத்தது. மற்ற எட்டும் சோகை பிடித்துக் கிடந்தன.

“வாங்க வந்தவங்க முன்னாடி மானம் போச்சு! காலையில நான் எடுத்துக் காட்டினப்போ, வானவில் மாதிரி மின்னுதேன்னு வாயைப் பிளந்தாங்க. மத்தியானம் லேசரைப் போட்டா இந்த லட்சணம்!”

“நான் ஓரத்தைப் பிடிச்சுதான் பெட்டியில வச்சேன் சார்.”

“பொய் வேறயா? உங்க வீட்டு ஆளுங்களுக்குக் கை எப்ப சும்மா இருந்திருக்கு? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.”

அவன் பையை எடுக்கக் குனிந்தான். வேலை போனால் போகட்டும். இனி அந்த வீட்டில் அக்காள் எந்த முகத்தோடு தலை நிமிர்ந்து நடப்பாள்?

சோதனைப் பொறியாளர் அம்மாள் அதற்குள் சில்லை நுண்ணோக்கியின் அடியில் வைத்திருந்தார்.

“கொஞ்சம் பொறுங்க சார். ரேகை அழியாம அப்படியே இருக்கு. திரையில போடவா?”

“தாராளமா போடுங்கம்மா! பண்ணினவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான். எல்லாரும் பார்க்கட்டும்.”

திரை நிறையக் கட்டைவிரல் ரேகை ஒன்று விரிந்தது. அதன் குறுக்கே, சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. தையல் போட்ட தடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

மைத்துனன் தன் இரு கட்டைவிரல்களையும் விளக்கொளியில் நீட்டினான். ஒரு கீறல்கூட இல்லை.

பொறியாளர் அம்மாள் மேலாளரின் கையைத்தான் பார்த்தார். போன மாதம் தையல் போட்டுக்கொண்ட அவருடைய வலது கட்டைவிரல், மெல்ல நழுவிக் காற்சட்டைப் பைக்குள் அடைக்கலம் புகுந்தது.

 

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இடக்கையால் மைத்துனனின் தோளைத் தட்டி, அருள் பொழியும் குரலில் சொன்னார்:

“சரி, விடு. மனுஷன்னா தப்பு பண்றது சகஜம்தானே? இந்த ஒரு தடவை உன்னை மன்னிச்சுட்டேன்.”