மூணு உருண்டை எட்டு

அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சீட்டென்றால் உயிரை விடும் தபால்காரர், வாதம் வந்து பேச்சை இழந்து மூன்று மாதம் ஆகிறது. பிடித்ததைப் பற்றியே பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், சீட்டைத் தொட்டே அறியாத எலக்ட்ரீஷியன் மைத்துனன் தினமும் ஒரு கட்டோடு வந்து கட்டில் ஓரம் உட்காருகிறான். போர்வையில் பரப்பிய சீட்டுகளின் மேல் ஜன்னல் வெயில் வழுக்குகிறது. “அத்தான், இது ராஜா. இது அவரோட தங்கச்சி. இது மூணு உருண்டை எட்டு.” தபால்காரரின் மீசை துடிக்கிறது. “இந்தக் கோமாளிதானே துருப்பு?” கட்டில் குலுங்குகிறது. மின்விசிறி சுற்றுவதை நிறுத்திக் காது கொடுக்கிறது. ஹார்ட்டின் ராஜா சீட்டுக்குள்ளேயே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். “தங்கச்சியா? அது ராணிடா, மடையா! உருண்டை இல்ல, கிளாவர்! ஜோக்கர் எங்கடா துருப்பாகும்?” என்று கத்துகிறார் தபால்காரர். சமையலறையில் அக்காவின் கரண்டிச் சத்தம் நிற்கிறது. மைத்துனன் ஜோக்கரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான், சீட்டு நனைகிறது. “நல்லா இருப்பீங்க அத்தான், இன்னும் ரெண்டு திட்டுங்க,” என்கிறான். தபால்காரர் போன செவ்வாய்க்கிழமையிலிருந்தே மனைவியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். தெரிந்தால் மைத்துனன் வருவது நின்றுவிடுமென்று அவனிடம் மட்டும் சொல்லவில்லை.