நூறு கோடியில் ஒன்று

புயலில் காணாமல் போன மகன் அமலதாஸைத் தேட ரெஜினாள் ஆய்வகத்தில் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுவாரமே அவன் வாசலில் வந்து நின்றான். எப்படித் தப்பினாய் என்று அவள் கேட்கவில்லை. ஆய்வகத்துக்கும் சொல்லவில்லை. பிள்ளை வீடு திரும்பியதை யாராவது ஆபீசில் போய்ச் சொல்வார்களா? இன்று அங்கிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், அவனையே கையோடு அழைத்து வந்திருந்தாள்.

மேசைமேல் சீல் வைத்த பெட்டி இருந்தது. உள்ளே கரை ஒதுங்கிய எலும்புகள்.

"உங்க பையன்தாம்மா. வேற யாரோட எலும்பாவது உங்க ரத்தத்தோட இப்படி ஒத்துப்போக நூறு கோடியில ஒரு வாய்ப்புதான்" என்றார் பெண் அதிகாரி.

"எனக்கு ஒரே புள்ள மேடம். இந்தா, பக்கத்துல நிக்கிறான்."

அதிகாரி அவனையே பார்த்தார். பிறகு உறையைப் பிரித்துப் பஞ்சுக்குச்சியை எடுத்தார். "வாயைத் திறப்பா. கன்னத்துக்குள்ள லேசா தடவிக்கிறேன். யாருன்னு தெரிஞ்சிடும்."

அவன் குழந்தைபோல வாயைத் திறந்தான். ரெஜினாள் பாய்ந்து வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள்.

"வேணாம் மேடம். பெட்டியைக் குடுங்க, நாங்களே அடக்கம் பண்ணிக்கிறோம்."

சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் மூச்சு படுமென்று காத்துக்கொண்டே இருந்தாள்.