வேலிக்கு ஒரு முறுக்கு

“அண்ணை, வேலியை அடைக்கிறியளோ, இல்லாட்டி வேலிக்குத் தலை பின்னி விடுறியளோ?” என்று கதிரையில் இருந்தபடி கேட்டாள் தங்கரத்தினம், பக்கத்து வீட்டுக்காரி.

இராசையா காதில் வாங்கவில்லை. வேலி பிய்ந்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விழுந்திருந்தது. அதற்குள்ளால் அவளுடைய கோழிகள் வந்து மிளகாய்க் கன்றுகளைக் கிளறியதில், பாலையூற்று ஒழுங்கை முழுவதும் கேட்கச் சபதம் போட்டிருந்தார்: “உங்கட கோழியின்ர காலும் என்ர வளவில படாது, என்ர காலும் உங்கட வளவில படாது.”

சாதாரண மனிதர்கள் கம்பியைக் குறட்டால் முறுக்குவார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்கே கயிறு போடுகிறவர் அப்படிச் செய்யலாமா? புது ட்றில் வாங்கினார். கம்பியை இரண்டாக மடித்து, நுனிகளைக் கட்டையில் கட்டி, மடிப்பை ட்றில்லின் கொளுக்கியில் மாட்டி அழுத்தினார்.

வீட்டில் பியூஸ் போய்விட்டது.

தங்கரத்தினம் தாராள மனசுக்காரி. தன் குசினி யன்னலால் வயரை நீட்டினாள். கரண்டுக்குக் கால் இல்லை, ஆகவே சபதம் முறியாது என்று இராசையா ஏற்றுக்கொண்டார். வயர் நீளம் காணாது. பொட்டுப் பக்கமாகக் கொஞ்சம் முன்னால் நகர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு முறுக்கினார் பாருங்கள். கம்பி ஒரே சீராகச் சுழன்று வந்தது. பொட்டில் தகரத்தை நிறுத்தி, முறுக்கிய கம்பியால் மேலும் கீழும் இறுக்கினார். அழகில் மயங்கி, தேவையில்லாத இடத்திலும் இன்னொரு கட்டுப் போட்டார்.

“இனி அவிழ்க்க ஏலாதோ அண்ணை?”

“வெட்டத்தான் வேணும். அதுக்குரிய கட்டரும் என்ர வீட்டிலதான் கிடக்கு.”

“கோழியள்?”

“கோழியோ? எறும்பு கூட இனி இதைத் தாண்டாது.”

தங்கரத்தினம் எழுந்து வயரைக் கழற்றி நிதானமாகச் சுருட்டினாள்.

“அப்ப என்ர படலையைத் திறந்துகொண்டு போங்கோ அண்ணை. ஒழுங்கையில சனம் உங்கட வேலையைப் பாக்கத்தான் கூடி நிக்குது. போய், கோழியளையும் அதே வழியால கலைச்சு விடுங்கோ. அதுகள் நீங்கள் அடைக்க முன்னமே அங்கால போயிட்டுதுகள்.”

இராசையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கோழிகள் அவருடைய வளவில் நின்றன. அவர் கோழிகளின் வளவில் நின்றார்.